இரண்டு தட்டு

மண்டபம் இறால் கம்பெனியில்
தரம் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
பதினோரு பேர் போயிருந்தோம்.
நாற்காலி ஏழு.

சீனி பாத்திமா உள்ளே போகையில்
பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.
அரைமணி நேரப் பழக்கம்.
திரும்பி வந்து
“மோந்து பாக்கச் சொல்வாங்க” என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஏசி குளிரில் மூன்று சட்டைகள்.
பெயர்?
நம்புச்செல்வி.
ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?
பாம்பனில்தான் சார்.
சிரித்தார்கள்.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.

பிறகு இரண்டு தட்டு இறால்.
இதில் எது கெட்டது?
முதல் தட்டுக்குக் குனியவே வேண்டாம்,
கதவருகிலேயே தெரிந்தது.
மற்றதில், தலைக்குக் கீழே
நூலளவு கறுப்பு.
“ரெண்டுமே சார்.”

நடுச்சட்டை பேனாவை மூடினார்.
“கூப்பிடுகிறோம்.”

வாட்ச்மேன்தான் சொன்னார்,
இரண்டாவது தட்டு
இன்று ராத்திரி கப்பலுக்குப் போகிற பெட்டியில்
எடுத்ததென்று.

சீனி பாத்திமா என்ன சொன்னாள் என்று
கேட்க மறந்துவிட்டேன்.
கீழக்கரை பஸ் போய்விட்டது.

கடலோரம் நிற்கையில் போன் அதிர்ந்தது.
சோப்புப் போட்டும் நாறும் விரலால்
அவசரமாகத் திறந்தேன்:

இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
அழைப்புக் கட்டணங்களை அறிய