எடைச்சீட்டின் பின்புறம்

பாடாங் செராய் செம்பனை ஆலையில்
நான் எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும். எண் ஆடி நிற்கும். லோரி இறங்கும்.
இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில்
ஒரு கண் போன பைனாகுலரை முக்காலியில் கட்டி
சூரியனைக் காகிதத்தில் இறக்குவேன்,
எடைச்சீட்டின் பின்புறம்,
கோப்பித் தட்டைவிடச் சற்றுச் சின்னதாய்.

ஏப்ரல் இரண்டு. நடுக்கோட்டில் இரண்டு கரும்புள்ளிகள்
ஒன்றுக்கு மேல் ஒன்று, நூல் பிடித்தாற்போல்.
ஒன்று இடுப்பருகே. மற்றது தோளில்.
ஒரு வாரத்தில் விளிம்பேறி மறைந்தன.
பிறகு மழை, பிறகு எங்கள் ஆலையின் புகை.
இருபத்தொன்பதாம் தேதி திரும்பி வந்தபோது
தோள் புள்ளி இரண்டு அரிசி நீளம் பின்தங்கியிருந்தது.

ஒரே உடம்பு.
இடுப்பு ஒருமுறை சுற்ற இருபத்தைந்து நாள்,
உச்சந்தலைக்கு முப்பத்தைந்து.
பூமியும் கூடவே நகர்வதால் நம் கணக்கில் கொஞ்சம் கூடும்;
வெற்று லோரியின் எடையைப்போல் அதைக் கழித்துவிட வேண்டும்.
இரும்பென்றால் என்றோ முறிந்திருக்கும்.
வாயு. தாங்குகிறது.

தவமணிக்குக் கூலிம் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
நான் பசியாறும்போது பஸ்ஸிலிருந்து இறங்குவாள்,
விரல் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு.
அவளுக்கு அது இன்னும் நேற்று.
ஐஸ்பெட்டிக் கதவில் எங்கள் பேச்சு:
‘கேஸ் முடிஞ்சிருச்சு.’
‘மீன் கீழ்த்தட்டுல.’
‘உங்க குறட்டையக் கேட்டு எத்தன நாளாச்சு.’
கடைசிச் சீட்டுக்கு நான் பதில் எழுதவில்லை.

வேகம் வேறுபட்டால் காந்த வரிகள் முறுக்கேறுமாம்.
முறுக்கு முண்டும் இடத்தில்தான் புள்ளி,
தாங்காத இடத்தில் வெடிப்பு.
ஆனால் ஆழத்தில், கொதித்துப் புரளும் அடுக்குக்குக் கீழே,
எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்கிறார்கள்.
வெளியே, கிரகணத்தில் மட்டும் தெரிகிற வெண்முடியும்கூட
இவ்வளவு பிரிந்து போவதில்லையாம்.
இழுபறி எல்லாம்
கண்ணுக்குத் தெரிகிற இந்தத் தோலிலும்
அதற்குச் சற்று அடியிலும்தான்.

அன்றிரவு அந்தச் சீட்டைக் கதவில் ஒட்டினேன்.
வட்டம், இரண்டு புள்ளி, தேதி. விளக்கம் எழுதவில்லை.
காலையில் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.
தோள் புள்ளிக்குப் பக்கத்தில் நீல மையில்:
‘பின்னாடி வர்றது நானா, நீங்களா?’

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன்.
முதல் லோரி மேடை ஏறி ஹாரன் அடித்தது.
எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.