முப்பத்தொன்றாவது கேள்வி

ஜூலை வந்தால் பெலோட்டாஸ் நகரில்
சுவர்களுக்கு வியர்க்கும்.
மருத்துவமனைத் தாள்கள் ஈரத்தில் நெளிந்து
பேனா முனையைப் பிடித்துக்கொள்ளும்.
என் வேலை கேட்பது. அவ்வளவுதான்.
ஐம்பத்திரண்டு கேள்விகள்.
புற்று வந்த வாய்களிடமும்
வராத வாய்களிடமும்
ஒரே குரலில் கேட்க வேண்டும்;
ஏற்ற இறக்கம் கூடாது என்று
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இல்டெமார் ப்ராகா, அறுபத்து மூன்று.
பீச் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலையில்
முப்பது டிசம்பர்கள் நின்றவர்.
நாக்கின் இடது ஓரம் வெட்டியாயிற்று.
பாதி வழியில் வழுக்கிய சொற்களை
மனைவி ஒந்தினா
ஏந்தி ஏந்தி என்னிடம் கொடுத்தார்.

சிகரெட்? நாளைக்கு இருபது.
மாத்தே? கொதிக்கக் கொதிக்க, நாள் முழுக்க.
கஷாசா?
சன்னலைப் பார்த்தார்.
ஞாயிற்றுக்கிழமை, சின்ன கிளாஸில் ஒன்று.
முப்பத்தொன்று: வாய் கொப்பளிக்கும் மருந்து
ஒரு நாளைக்கு எத்தனை தடவை?
ஒரு விரலைத் தூக்கினார்.

மருந்துச் சீட்டோடு ஒந்தினா வெளியே போனதும்
மற்ற மூன்று விரல்களும் எழுந்தன.

"ஆலை விட்டால் ஸெக்காவின் கடை.
கடை விட்டால் வண்டி, வண்டிக் கண்ணாடி,
மூடி நிறைய நீலத் தண்ணீர்.
கண்ணில் நீர் முட்டும்வரை வைத்திருப்பேன்.
எரிந்தால்தானே சுத்தம்?
யூகலிப்டஸ் மரத்தடியில் துப்பிவிட்டு வீட்டுக்கு.
அவளுக்கு இன்றுவரை தெரியாது."
இதைச் சொல்லி முடிக்க
அவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது.

மூன்றாம் மாடியில் கணக்குப் போடும் வல்கீரியா சொல்வாள்:
புகை, குடி, நீலத் தண்ணீர்
மூன்றும் தோளில் கைபோட்டு வந்தால்
எவன் திருடன் என்று நான் எப்படிச் சொல்ல?
ஒவ்வொருவனாகக் கழித்துப் பார்க்கிறேன்;
கழிக்கக் கழிக்க ஆட்களே தீர்ந்துபோகிறார்கள்.
ஆமாம், அதிலும் சாராயம்தான் இருக்கிறது.
வாய்க்குள் அது வேறொன்றாய் மாறும்,
மாறியது நல்லதில்லை, அதுவரை தெரியும்.
அரை நிமிடத்துக்கு எவ்வளவு கெடுதல்
என்று கேட்டால்
பென்சிலைக் கடிக்கிறாள்.
சில தாள்கள் ஆம் என்கின்றன,
சில தாள்கள் அப்படியெல்லாம் இல்லை என்கின்றன.

கழித்த பின் மிஞ்சியவர்களில் ஒருவர்
கோவிலில் ஆர்கன் வாசிக்கும் எர்சீலியா.
புகையில்லை, குடியில்லை,
காலையும் இரவும் கொப்பளிப்பு மட்டும், முப்பத்துநான்கு வருடமாய்.
வாய் காட்டினார்: மாதுளை உள்பக்கம் போல.
"நான் நிறுத்திவிடட்டுமா, மகளே?"
நான் முப்பத்திரண்டாவது கேள்விக்குப் போனேன்.

அன்று லிஃப்டுக்குக் காத்திருந்தபோது
ஒந்தினா என் முழங்கையைத் தொட்டார்.
"நாலு என்று சொன்னாரா?"
என் முகத்தை நான் ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருந்தேன்.
"பழ ஆலையிலிருந்து வருகிறவன்
பழம் நாறித்தானே வர வேண்டும்?
புதினா மணக்க வந்தான்,
கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே.
வண்டியில் பாட்டில் தீர்ந்தால்
அவன் கவனிக்குமுன் நான்தான் புதுசு வைப்பேன்.
பெரிய பாட்டில். சலுகை விலையில்.
அவமானப்பட வேண்டாம் என்று நினைத்தேன்."

லிஃப்ட் வந்தது. திறந்தது. மூடியது.

"அதனாலா?"

சிகரெட்டைச் சொல்லியிருக்கலாம்.
கஷாசாவைச் சொல்லியிருக்கலாம், இரண்டும் பொய்யல்ல.
ஆனால் அவர் கேட்டது
தன் கையால் வாங்கிய பாட்டிலைப் பற்றி.
தெரியவில்லை, செனோரா, என்றேன்.
யாருக்குமே இன்னும் சரியாகத் தெரியவில்லை.
அந்தப் பதில் அவரை
விடுவிக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை.

"வீட்டில் இன்னும் பாதி இருக்கிறது,"
என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "என்ன செய்ய?"

ஐம்பத்திரண்டில் இல்லாத கேள்வி.
ஊற்றிவிடுங்கள் என்றேன்,
என் குரல் ஏறி இறங்கியது.

முப்பத்தொன்றுக்கு நேரே
நான்கு என்று எழுதினேன்.
மனைவி அறிந்தது எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.