நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு வரி

கிளைபேடா துறைமுகத்தில்
ஏழாம் எண் கிரேனின் கண்ணாடிக் கூண்டுதான்
என் எழுத்து மேசை.
கப்பல் தாமதம் என்றால் எனக்கு ஒரு பக்கம் லாபம்.
சரக்குப் பட்டியலின் முதுகில்
பென்சிலால் எழுதுவேன்;
பேனா மை ஜனவரியில் உறைந்துவிடும்.

என் கதையில் ஒருவன்.
அவன் மகன் கடல் தாண்டிப் போய்விட்டான்.
மூன்று வாரமாக அவனைப் பற்றி
இந்த ஒரே வரி:

"ஏதோ ஒருவிதமான சொல்லமுடியாத துயரம்
அவன் மனதை மெல்ல மெல்ல
ஆட்கொள்ளத் தொடங்கியது."

'ஏதோ'வை அடித்தேன்.
ஏதென்று தெரியாதவளுக்கு எழுத்து எதற்கு?
'ஒருவிதமான' அதன் தங்கை, கூடவே போயிற்று.
'சொல்லமுடியாத' என்று சொல்ல
ஒரு ஆள் வேண்டுமா?
இரண்டு 'மெல்ல'வில் ஒன்றை எடுத்தேன்,
மற்றது தனியாக நிற்க வெட்கப்பட்டது.
'தொடங்கியது'. துயரம் என்ன
பள்ளிக்கூடமா, மணியடித்துத் தொடங்க?

மிஞ்சியது:
துயரம் அவன் மனதை ஆட்கொண்டது.

சுத்தமான வரி.
இரங்கல் செய்தியில் போட்டால்
யாரும் ஒரு பிழை சொல்லமாட்டார்கள்.
இருபத்தைந்து டன் தூக்கும் கொக்கியை இறக்கி
வெறுங்காற்றைத் தூக்கியதுபோல் இருந்தது.

வாக்கி டாக்கியில் அல்விதாஸ்:
"இடது. இன்னும். இறக்கு. நில்."
பதினோரு வருடமாக இந்த நாலு சொல்லில்
ஒருவர் விரலும் நசுங்கியதில்லை.
தயங்கித் தயங்கி நகர்த்தினால்தான் பெட்டி ஆடும்;
எங்கே வைக்கப்போகிறோம் என்று
கைக்குத் தெரிந்திருந்தால் ஆடாது.

பன்னிரண்டு மணிக்கு அவர்
கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்து
பிளாஸ்க்கைத் திறந்தார்.
மேலிருந்து பார்த்தால் மனிதர்கள்
தொப்பியும் கைகளும் மட்டுமே.
இரண்டு கோப்பை எடுத்தார்.
ஒன்றில் தேநீர். மற்றதைக்
கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார்.

போன வருடம் வரை அவர் மகன் மாந்தாஸும்
இதே ஷிப்ட்.
இப்போது நார்வேயில், பெர்கனில்,
ஏதோ மீன் தொழிற்சாலை.
(இந்த 'ஏதோ' அல்விதாஸுடையது. அதை அடிக்கமாட்டேன்.)

ஆட்கொண்டதை முழுக்க அடித்துவிட்டு எழுதினேன்:
"இரண்டாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்."

அன்று மாலை வரை ஒரு பெட்டியும் ஆடவில்லை.
இரவில்தான் உறுத்தியது,
கேட்காமல் எடுத்த கோப்பை.

மறுநாள் உடைமாற்றும் அறையில்
வாசித்துக் காட்டினேன்.
யாருடையது என்று சொல்லவில்லை.
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.
முடிச்சில் விரல் நின்றது.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் கவிழ்த்தான் என்று நீ போடவில்லையே, விலியா."
"ஏன்?"
"உரத்தூள் பறக்கிறதே. உள்ளே விழுந்தால்
பிறகு அதில் யார் குடிப்பது?"

பூட்ஸைக் கழற்றித் தரையில் தட்டினார்.
வெள்ளையாகக் கொட்டியது.

பென்சிலைத் தேடினேன்.
இன்னும் இரண்டு சொல்:

"தூள் விழாமல்
இரண்டாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்."

வரி நீண்டுவிட்டது.
நீளட்டும்.