வெள்ளை நாக்கு

டாக்ஸிசைக்ளின், நாற்பத்திரண்டாம் நாள்.
கண்ணாடி முன் நாக்கை நீட்டுகிறாள் டெல்பின்:
மாவு தூவிய பலகை.

உண்ணி விட்டுப்போன கிருமிக்கு வைத்த தீ
குடலில் வேண்டியவர்களையும் எரித்துவிட்டது.
காலி வீட்டில் ஈஸ்ட் குடியேறியிருக்கிறது,
வாடகை கேட்க ஆளில்லை.

"சர்க்கரை கூடாது, ரொட்டியும்"
என்றாள் நர்ஸ், தலை நிமிராமல்,
மெட்டேகன் துறைக்கே
பதினேழு வருடம் ரொட்டி சுட்டவளிடம்.

இரவெல்லாம் வயிறு
மூடி இறுகிய ஜாடியாய் உப்புகிறது.
மாத்திரைக்கு இரண்டு மணி தள்ளி
புரோபயாட்டிக்.
விரிகுடாவின் ஓத நேரம் மனப்பாடம் அவளுக்கு,
இது மட்டும் தினமும் தப்புகிறது.

நான்கு மணிக்குப் பழக்கம் எழுப்புகிறது.
ஃபிரிட்ஜில் புளித்த மாவு
சாம்பல் நீர் கட்டிப் பசித்திருக்கிறது.
ஒரு கை மாவு, வெதுவெதுப்பாய்க் கொஞ்சம் தண்ணீர்.
"நீயாவது சாப்பிடு" என்கிறாள்,
"உள்ளே இருக்கிற உன் சொந்தக்காரனிடம்
சொல்லிவிடாதே."

அவளுக்கு அவித்த முட்டை, உப்பு.

பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டு
எவாரிஸ்ட் வாசலில் பூட்ஸைக் கழற்றும் முன்பே
காலரைப் பிடித்து இழுத்து
ஒரு முழு ரொட்டியை
மூக்காலேயே தின்று முடிக்கிறாள்.