கூடை எடை

தடைக்காலம் தொடங்கிய அன்று காலை
முதுநகர் துறைமுகத்தில் எடைமேடையைக் கழுவி
சாக்கு போர்த்தினேன்.
அறுபத்தொரு நாள் ஓய்வு கடலுக்கு.
மீன் சினை தள்ளட்டும், குஞ்சு பெருகட்டும் என்று
சர்க்கார் கொடுத்த விடுப்பு.
எண்பத்தாறு கிலோவோடு நானும்
அதே கணக்கைப் போட்டேன்.
கடல் தேற. நான் இளைக்க.

மஞ்சக்குப்பத்தில் மாடி மேல் ஜிம்.
ஜெரால்டுக்கு என் தம்பி வயது.
"சோத்தக் கொறைங்கக்கா, புரோட்டீனக் கூட்டுங்க"
என்று இரண்டு கிலோ டப்பாவை நீட்டினான்.
ஆறாயிரத்து நானூறு. மூன்று தவணை.
டப்பா மேல் கழுத்தே இல்லாத ஒருத்தன்.
அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வெட்கப்பட்டு
ஜவுளிக்கடைப் பையில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கெடிலம் பாலத்தில் பஸ் குலுங்கியபோது
அணைத்தும் கொண்டேன்.

வேளைக்கு ஒரு கரண்டி, முப்பது கிராம்.
ஆக மொத்தம் அறுபத்தாறு கரண்டி.
நாள் போக ஐந்து மிச்சம் வரவேண்டும்.
மீன் எடை எழுதுகிறவள் இதையா விடுவேன்.

குடுவைக்குள் கம்பிச் சுருள் உருண்டை
விடியற்காலை ஐந்து மணிக்குக் கடகடக்க
பக்கத்து வீட்டுச் செங்கேணி
மதில் மேல் எட்டிப் பார்த்தாள்:
"என்னடி, தாயக்கட்டையா?"
சாக்லேட் என்று எழுதியிருந்தது.
குடித்துப் பார்த்தால்
சாக்லேட்டைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட
சுண்ணாம்பு.

இரண்டு வாரம்.
எண்பத்தேழு.

ஜெரால்டு தலையைச் சொறிந்தான்.
"காலைல என்னக்கா எடுக்குறீங்க?"
மாவு.
"அப்புறம்?"
நாலு இட்லி.
"அக்கா, அது இட்லிக்குப் பதிலா.
இட்லிக்கு முன்னாடி இல்ல."

ஜிம்மே சிரித்தது, நானும்தான்.
படி இறங்கும்போது
அந்தப் 'பதிலா' கூடவே இறங்கிவந்தது.
எனக்கு எது எதற்குப் பதிலாக வந்திருக்கிறது?
வேலை வந்தபோது சமையல் போகவில்லை.
மாமியாருக்கு டயாலிசிஸ் வந்தபோது
படகுக் கடன் போகவில்லை.
வந்ததெல்லாம் முன்னதன் மேல்
ஐஸ்பெட்டி மேல் ஐஸ்பெட்டியாக
ஏறித்தான் உட்கார்ந்தது.

பிறகு இட்லியை நிறுத்தினேன்.
பதினோரு மணிக்கு வயிறு
இன்ஜின் அணைந்த படகுபோல்
அதன் பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும்.
கருவாடு காயும் வாசனைக்கு
தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

நாற்பதாம் நாள்
டப்பாவில் மட்டம் கணக்குக்குக் கீழே.
எலி மூடியைத் திருகித் திறக்காது.
அன்று ராத்திரி இவர் தண்ணீர் குடித்துவிட்டு வர
மீசையில் பழுப்புத் தூள்.
கடலுக்குப் போகாத இரண்டு மாதத்தில்
தோள் வற்றிப் போயிருந்தது அவருக்கு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் கரண்டியை
எடுக்க வசதியாக மேலாக வைத்தேன்.
ஐம்பதாம் நாளோடு டப்பா தீர்ந்தது.
மிச்ச நாளைக்கு அவித்த முட்டை.

தடை முடிந்து படகுகள் போய்
மூன்றாம் நாள் கரை சேர்ந்தன.
சாக்கை விலக்கி, மேடையைத் துடைத்து,
முதல் கூடை வருமுன்
சரியாகக் காட்டுகிறதா பார்க்க
ஏறி நின்றேன்.
அதைத்தான் பார்க்க ஏறினேன் என்று
வேதாசலம் நம்பவில்லை.
ஐஸ் உடைத்துக்கொண்டே கத்தினான்:
"கூடைக்கு எவ்ளோ கழிக்கணும்?"

துறையே சிரித்தது.

எண்பத்திரண்டு நானூறு.
ஈரக் கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம்.
பதினேழு வருஷமாக யாருடைய மீனையும்
கூடையோடு சேர்த்து நான் எழுதியதில்லை.
என்னை மட்டும்தான்
கழிக்காமல் எழுதியிருக்கிறேன்.

இறங்கினேன்.
எண் சுழிக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.
"சங்கரா!" என்று யாரோ குரல் கொடுக்க
பேனா மூடியைப் பல்லால் இழுத்தேன்.