எதிரே வரும்போது

கோட்கா துறைமுகத்தில் எனக்கு வேலை,
நாற்பது மீட்டர் உயரத்தில்.
கண்ணாடிக் கூண்டு, இரண்டு கைப்பிடிகள்,
கீழே கம்பியில் தொங்கும் முப்பது டன் காகிதம்.
பதினோரு வருடத்தில்
ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்கியதில்லை.
அந்தத் திமிரில்தான் வாங்கினேன்
மஞ்சள் இறக்கை வைத்த இந்த நுரை விமானத்தை.
இதற்கும் இரண்டு கைப்பிடிகள்தானே.

முதல் ஞாயிறு பதினெட்டு விநாடி பறந்தது.
அடுத்த ஞாயிறு பதினொன்று.
"முன்னேற்றம்" என்றான் இல்போ
சிரிக்காமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு.
மர ஆலையில் ரம்பம் ஓட்டுகிறவன்,
பேச்சையும் அளந்துதான் அறுப்பான்.

போகும்போது ஒரு வம்பும் இல்லை.
வாலைக் காட்டிக்கொண்டு போகிறவரை
என் இடம்தான் அதன் இடம்,
என் வலம்தான் அதன் வலம்.
திரும்பி என்னைப் பார்த்து வரட்டும்,
பழைய சண்டையைத் தொடர வந்தவள்போல
இடம் என்றால் வலம் என்று சாதிக்கும்.
திருத்தத் திருத்த இன்னும் சாயும்.
பிர்ச் மரத்தில் ஒருமுறை,
இல்போவின் காரின் மேல் ஒருமுறை.
மூக்கில் மூன்று நிறப் பசை.

"யோசிக்காதே" என்றான் அன்று.
"எந்தப் பக்கம் தாழ்கிறதோ
அந்தப் பக்கம் கைப்பிடியைத் தள்ளு.
சாய்ந்த வேலிக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி."
அவன் அந்த மாதம் பேசியதிலேயே நீளமானது அது.

பிப்ரவரியில் கடல் உறைந்தது.
சக்கரங்களைக் கழற்றிவிட்டுச்
சறுக்குப் பலகை மாட்டினோம்.
மைனஸ் பதினான்கு.
பேட்டரியை அக்குளில் வைத்து
முட்டைபோல் அடைகாத்தேன்.
கையுறையில் கட்டைவிரலுக்கு மட்டும் ஓட்டை.
தூரத்தில் பனியைத் துளைத்துத்
தூண்டிலுடன் உட்கார்ந்திருந்தார் தௌனோ.
எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

நான்காம் நிமிடம் சுழலி நின்றது.
குளிர் தின்றுவிட்டது மின்சாரத்தை.
சொன்னால் கேட்கும் அளவுக்கு மிச்சம் இருந்தது,
ஏறும் அளவுக்கு இல்லை.
அதுவரை காதில் இருந்த இரைச்சல் போய்
என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

அதுவோ எதிரே வருகிறது.
பின்னால் தாழ்ந்த வெயில்.
மஞ்சள் எங்கே, மூக்கு எங்கே,
வானத்தில் கறுப்பாய் ஒரு கோடு, அவ்வளவே.
இல்போவைப் பார்த்தேன்.
அவன் கைகள் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தன.

பயந்தால் மூக்கைத் தூக்கத்தான் தோன்றும்.
தூக்கினால் வேகம் செத்துக் கல்லாய் விழும்.
எனவே தாழ்த்தினேன்,
விழுகிறவளிடம் போய்
இன்னும் கொஞ்சம் விழு என்று சொல்வதைப்போல.
கோட்டின் ஒரு முனை கீழே போனது.
அந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தேன்.
மறுமுனை.
அங்கும்.
யோசிக்கவில்லை,
யோசிக்கவில்லை என்பதைக்கூடப் பிறகுதான் யோசித்தேன்.

முழங்கால் உயரத்தில்
கைப்பிடியை எள்ளளவு பின்னுக்கு இழுத்தேன்.
இறக்குவது என்று தனியாக ஒன்றும் இல்லையாம்.
இனிப் பறக்க முடியாது என்று அது கைவிடும் நொடியில்
தரை பக்கத்தில் இருந்தால் போதும்.

இருந்தது.
சர்ரென்று ஒரு சத்தம், தூள்பனி.
பனியில் பிரேக் ஏது?
என்னைத் தாண்டி, இல்போவைத் தாண்டி,
ஆரஞ்சுக் கொடியையும் தாண்டிப் போய்
தௌனோவின் பிளாஸ்க்கில் மூக்கை முட்டி நின்றது.
அவர் ஒரு கணம் பார்த்தார்.
பிளாஸ்க்கை ஒரு சாண் தள்ளி வைத்தார்.
மறுபடி ஓட்டைக்குள் பார்க்கத் தொடங்கினார்.

திங்கள் காலை முதல் பெட்டி.
லாரியின் மேல் கடைசி அடியில்
என்னை அறியாமல் கை மெல்லப் பின்வாங்கியது.
கீழேயிருந்து யார்க்கோ ரேடியோவில் கேட்டான்:
"என்ன இது, உள்ளே முட்டையா?"
"காகிதம்தான்" என்றேன்.
கட்டைவிரல் இன்னும் மரத்தே இருந்தது.