ஒன்பது புள்ளி எட்டு

ஒரே ஓர் எண்ணை மாற்றச் சொல்லி
மூன்று வாரமாக நச்சரிக்கிறார்கள்.

வால்பராய்சோவின் குன்றில்
பாதி ஏறி மூச்சு வாங்கி நிற்கும் ஒரு பள்ளிக்கு
வீடியோ கேம் செய்கிறேன்.
ஒன்பதாம் வகுப்பு, இயற்பியல்.
ஆரஞ்சுத் தொப்பி வைத்த ஒரு சின்ன ஆள்
பள்ளம் தாண்டுவான், தகரக் கூரை பிடிப்பான்,
தவறினால் விழுவான்.
விழுவதுதான் பாடம்.

புவியீர்ப்பு என்ற வரிக்கு நேரே
ஒன்பது புள்ளி எட்டு என்று
நாணயமாகத்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை, கணினி அறை.
இருபத்தாறு பிள்ளைகள், பத்தொன்பது கணினிகள்,
அதில் மூன்று எழவே இல்லை.
"நிலாவுல நடக்கிறான் இவன்" என்றான் யெர்கோ.
"பஞ்சு மாதிரி இறங்குறான். பொய்யா இருக்கு."
உண்மையைத்தான்
பொய் என்றான்.

என் தொழிலில் இதற்குக் கைவைத்தியம் உண்டு.
எண்ணை மூன்று மடங்காக்கு, வாயைத் திறக்காதே.
கடற்கொள்ளையர், பறக்கும் பூனை,
இதுவரை நான் செய்த எல்லா உலகங்களிலும்
தரையை அப்படித்தான் கனமாக்கினேன்.
ஒருவரும் கேட்டதில்லை.

இயற்பியல் ஆசிரியர் ஒஸ்வால்தோ
வறுத்த மீனுக்குப் பிழிய வைத்திருந்த எலுமிச்சையைக்
கையில் வைத்துக்கொண்டே கத்தினார்:
"பூமியில் கை வைக்காதே!"
சரி, பிறகு ஏன் மிதக்கிறான்?
அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

வெளியே படிக்கட்டு.
மூன்றாம் திருப்பத்துச் சுவரிலிருந்து
கீழ்ப் படி சரியாக ஐந்து மீட்டர்.
எலுமிச்சையைப் போட்டோம். தமாரிஸ் போனில் பிடித்தாள்.
நொடிக்கு முப்பது படங்கள்.
விரலால் ஒவ்வொன்றாய்த் தள்ளி எண்ணினாள்.
முப்பது.
கீழே ஒரு நாய் அதை முகர்ந்து,
முகத்தைச் சுளித்துவிட்டுப் போனது.

அறைக்குத் திரும்பி
என் ஆளையும் அப்படியே எண்ணினாள்.
ஏற முப்பது. இறங்க முப்பது.
"எலுமிச்சை மாதிரியேதான் விழுறான்."
கொஞ்சம் நிறுத்தி,
"ஆனா மகரேனா,
மனுஷன் எவனாவது அஞ்சு மீட்டர் குதிப்பானா?"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.
பூமி சரியாகத்தான் இருந்தது.
கால்களை
நான்தான் தெய்வத்திடம் கடன் வாங்கியிருந்தேன்.

அன்றிரவு அந்தக் கால்களைக் குறைத்தேன்.
அரை மீட்டர்.
எழுந்து விழ அரை நொடிக்குச் சற்று மேல்.
விழுகிற ஓசை இப்போது விழுகிற ஓசைதான்.
ஆனால் ஒரு பள்ளமும் தாண்ட முடியவில்லை,
கூரைகள் எல்லாம் எட்டாத திராட்சை.
வேறு வழியின்றிப் படி வைத்தேன்,
அந்தப் படிக்கு மேல் இன்னொரு படி,
விடியும்போது நூற்றுப் பதினான்கு.

"இது விளையாட்டா,
இல்ல எங்க வீட்டுக்குப் போற வழியா?"
யெர்கோ.
பணம் கொடுக்கும் சாந்தியாகோ அலுவலகமும்
ஏறக்குறைய அதையேதான் கேட்டிருக்கிறது.
பதில் எழுத உட்கார்ந்தேன்.
எழுதவில்லை.

இன்று தமாரிஸ் மறுபடி அதே சுவரில்.
இந்த முறை அவள் கையில்
மதிப்பெண் மோசமான ஒரு வினாத்தாள்.
விட்டாள்.
அது விழவில்லை. கடற்காற்று வாங்கி,
துணிக்கொடிகளின் மேலே புரண்டு,
துறைமுகப் பக்கமாய்ப் போய்க்கொண்டே இருந்தது.
முப்பது வரை எண்ணினாள். அறுபது வரை.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இது உன் கேம்ல எந்த வரி?"

நாற்பத்தொன்றாவது வரி.
காற்று: பூஜ்யம்.
மடிக்கணினியைச்
சற்றே சாய்த்து மூடினேன்.